பிக்கப் இல்லை: கிங்ஸ் சர்க்கிள்வாசிகளுக்கு ஒரு கையேடு

உங்கள் காருக்கு பிக்கப் போய்விட்டது என்பது கிங்ஸ் சர்க்கிளுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும்வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்தப் பேட்டையின் சௌகரியங்களில் இதுவும் ஒன்று. மகேஸ்வரி உத்யானைச் சுற்றிப் போகிற எந்த வண்டியும் இரண்டாம் கியரைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இட்லி சாப்பிட வந்தவர் இரட்டை வரிசையில் நிறுத்தியிருப்பார். பூக்கடை வாசலில் கல்யாணக் கார் ஒன்று பாதி அலங்காரத்தோடு நிற்கும். கல்லூரிப் பிள்ளைகள் நடு ரோட்டில் நின்று அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இந்த வேகத்தில் மாட்டுவண்டிக்கும் மெர்சிடிஸுக்கும் ஒரே இழுவைதான்.

குட்டு உடைகிற இடம் மேம்பாலம். தாதர் பக்கமிருந்து வந்து அம்பேத்கர் ரோட்டில் ஏறுகிறீர்கள். காலை அழுத்துகிறீர்கள். வண்டி, கடன் கேட்ட மச்சினனைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்க்கிறது. இன்னும் அழுத்துகிறீர்கள். சத்தம் கனக்கிறது, வேகம் வரவில்லை. வெங்காய மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று சாவகாசமாக உங்களை முந்திப் போகிறது. மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிற பையன் திரும்பிப் பார்க்கிறான். அவன் கண்ணில் தெரிகிற பரிதாபம்தான் நோயின் முதல் அறிகுறி.

என் பதினான்கு வயது பெட்ரோல் வண்டிக்கு இது வந்தபோது மூன்று மாதம் வைத்தியம் பார்த்தேன். அந்த அனுபவத்தில் எழுதியது இந்தக் கையேடு. நான் செய்த வரிசையில் நீங்கள் செய்யக் கூடாது. ஆனாலும் செய்வீர்கள் என்பதால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: யாரிடமும் சொல்லாதீர்கள்

மாட்டுங்காவில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகலாம். கார் படுத்தால் கட்டடம் முழுக்க டாக்டர்கள். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நின்றாலே போதும், வேட்டி ஒன்று, பெர்முடா ஒன்று, நைட்டி மேல் துண்டு போட்டது ஒன்று என்று ஆலோசனைக் குழு கூடிவிடும்.

எங்கள் தரைத்தளத்து மாமாவுக்கு எண்பது வயது. இருபத்தைந்து வருஷம் பத்மினி ஓட்டியவர். ஈஸிசேரிலிருந்து எழுந்திருக்காமலே சொன்னார்: "கார்புரேட்டர்ல கச்ராடா. கழட்டி ஊது. சரியாயிடும்."

"மாமா, இந்த வண்டியில கார்புரேட்டரே கிடையாது."

"அதான் பிரச்சினை."

சிரிக்கலாம். ஆனால் மாமாவின் காலத்தில் மாமா சொன்னது சரி. அதைக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுப் போவது நல்லது, ஏனென்றால் இந்த ஊர் பிக்கப்பைப் பற்றி அறிந்ததெல்லாம் அந்த ஒரு வண்டியிடம் கற்றதுதான்.

இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், குர்லாவில், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஆலை இருந்தது. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று அங்கே வந்த வண்டி, 1974இல் பிரீமியர் பத்மினி ஆனது. சித்தூர் ராணியின் பெயர் அது. மாமா இன்றுவரை திருவிதாங்கூர் சகோதரிகளில் நடுவரின் பெயர் என்றே நம்புகிறார், நாங்கள் திருத்துவதில்லை. 1089 சிசி இஞ்சின், நாற்பது சொச்சம் குதிரைத்திறன், ஸ்டியரிங் தண்டிலேயே கியர். கறுப்பு மஞ்சள் அடித்துக்கொண்டு பம்பாய் முழுக்க டாக்சியாக ஓடியது. கடைசி பத்மினி டாக்சி தார்தேவ் ஆர்டிஓவில் பதிவானது 2003 அக்டோபர் 29. டாக்சிக்கு இந்த ஊரில் ஆயுள் இருபது வருஷம். ஆகவே 2023 அக்டோபர் 30ஆம் தேதியோடு அந்த வம்சம் ரோட்டைவிட்டு இறங்கியது. மாமா அன்றைக்குப் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இரண்டாவது காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த வண்டியில் காலை அழுத்தினால் தயங்குவதற்கு நிஜமான காரணம் ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் காற்று உடனே உள்ளே பாய்ந்துவிடும். பெட்ரோல் காற்றைவிடக் கனம். அது கிளம்பி வர ஒரு கணம் பிடிக்கும். அந்த ஒரு கணத்தில் இஞ்சினுக்குச் சோறு இல்லாமல் வெறும் காற்று. இதைச் சமாளிக்கக் கார்புரேட்டருக்குள்ளேயே ஒரு குட்டி பம்ப் வைத்திருந்தார்கள். மிதித்த வேகத்துக்கு அது ஒரு சொட்டு பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும். அதன் சவ்வு காய்ந்து விறைத்துப்போனாலோ, துளையில் கச்ரா அடைத்தாலோ, வண்டி முதலில் தும்மும், பிறகுதான் ஓடும். கழற்றி ஊதினால் பாதி நாள் சரியாகத்தான் போகும்.

மே மாத நெரிசலில் இன்னொரு கூத்து. பெட்ரோல் பம்ப் இஞ்சினிலேயே பொருத்தியிருக்கும். சூடேறினால் உள்ளேயிருக்கும் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டிவிடும். திரவத்தை இழுக்கத் தெரிந்த பம்புக்கு ஆவியை இழுக்கத் தெரியாது. அந்தக் காலத்து டாக்சிக்காரர்கள் ஒரு துணியை நனைத்துப் பம்புக்கு நெற்றிப்பற்றுப் போடுவார்கள். ஐந்து நிமிஷத்தில் காய்ச்சல் இறங்கிவிடும். இன்றைக்கு பம்ப் பெட்ரோல் டேங்குக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது. 2000ஐ ஒட்டிக் கார்புரேட்டரும் புது வண்டிகளிலிருந்து போய்விட்டது. ஆனாலும் என் பானெட்டுக்குள் ஒருநாள் காலை ஈரத் துண்டு ஒன்று கிடந்தது. யார் போட்டது என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் படி: காரணத்தை அரசாங்கத்தின் மேல் போடுங்கள்

இது மூன்றாம் மாடியில் நடந்தது. ரிட்டயர்டு வங்கி அதிகாரி. எல்லாவற்றுக்கும் காரணம் எத்தனால் என்றார். பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலந்துதான் வருகிறது, உண்மை. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதுவும் உண்மை. மைலேஜ் கொஞ்சம் உதைக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கும் அது அவ்வளவாக ஆகாது. ஆனால் நேற்றுவரை ஏறிய மேம்பாலத்தில் இன்றைக்கு மூச்சு வாங்குவதற்கு எத்தனாலைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படியென்றால் அந்த பங்க்கில் போட்ட எல்லா வண்டியும் பாலத்தடியில் அல்லவா நிற்க வேண்டும்?

டாக்சி ஸ்டாண்டில் நிற்கிற பையா எதிர்ப்பக்கம் சாய்ந்தார். "சாப், கேஸ் லகாவ்." சிஎன்ஜிக்கு மாறினால் பெட்ரோல் கஷ்டமே இல்லையாம். அவர் சொல்லாமல் விட்டது: பெட்ரோலுக்கு வடிவமைத்த இஞ்சினில் சிஎன்ஜி போட்டால் இழுவை பத்து சதவீதமாவது குறையும். வாயு, சிலிண்டருக்குள் காற்று உட்கார வேண்டிய இடத்தையும் சேர்த்து ஆக்கிரமித்துக்கொள்கிறது. இரண்டு பேர் சீட்டில் மூன்றாவது ஆள் "ஜரா சரக்கோ" என்று உட்காருவது மாதிரி. அந்த டாக்சி மேம்பாலம் ஏறும்போது ஏன் ஏசியை அணைக்கிறார்கள் என்று இப்போது புரிந்திருக்கும்.

மூன்றாம் படி: விஞ்ஞானத்திடம் போங்கள்

செம்பூரில் இருக்கிற மச்சினன் எஞ்சினியர். உள்ளங்கை அளவு கருவியொன்றைக் கொண்டுவந்து ஸ்டியரிங்குக்கு அடியில் இருக்கும் பொத்தலில் செருகினான். போனில் எண்கள் ஓடின. கூடியிருந்த எல்லோரும் ஈசிஜி பார்ப்பதுபோல மௌனமானார்கள். கடைசியில் அது சொன்னது: கோளாறு எதுவும் இல்லை.

இதை அப்படியே நம்பாதீர்கள், ஒரேயடியாக ஒதுக்கவும் வேண்டாம். சென்சார் செத்திருந்தால், பிளக்கோ இக்னிஷன் காயிலோ மிஸ்ஸிங் அடித்தால், கருவி பெரும்பாலும் சொல்லிவிடும். வண்டியின் கம்ப்யூட்டருக்கு எது தெரியாது என்றால், தனக்குத் தெரியாதது என்ன என்பது. காற்று குறைவாக வந்தால் அது பெட்ரோலையும் குறைத்து ஊற்றி, கலவையைச் சரியாக வைத்துக்கொண்டு, எல்லாம் சுபம் என்று எழுதிவிடும். பாதிச் சாப்பாடு போட்டுவிட்டு இலை சுத்தமாக இருக்கிறது என்று சந்தோஷப்படுகிற பந்தி மேனேஜர் அது. அப்போது எனக்கு இந்த ஞானம் இல்லை. இருந்திருந்தால் நான்காம் படி வந்திருக்காது.

நான்காம் படி: பணத்தை இழந்துவிடுங்கள்

கண்ணாடிக் கதவு, ஏசி, காத்திருக்க சோபா வைத்த ஒரு ஒர்க்ஷாப். பெயர் வேண்டாம். வெள்ளைச் சட்டை போட்ட பையன் ஓட்டிப் பார்க்காமலே ஒரு காகிதம் நீட்டினான். ஃப்யூயல் பம்ப் மாற்ற வேண்டும், பிளக் செட் மாற்ற வேண்டும், த்ராட்டில் பாடி கழுவ வேண்டும். அப்புறமும் சரியாகாவிட்டால் கிளட்ச். பம்பின் அழுத்தத்தை அளந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "சார், பதினாலு வருஷ வண்டி" என்றான். வயதைக் காட்டி வாயை அடைப்பது வைத்தியத்தில் எல்லாக் கிளைகளிலும் உள்ள வழக்கம்.

மாற்றினார்கள். பதினோராயிரத்துச் சொச்சம். வண்டியைக் கழுவி, சீட்டில் பிளாஸ்டிக் உறை போட்டு, உள்ளே ரோஜா வாசனை அடித்துக் கொடுத்தார்கள். மேம்பாலம் ஏறியபோது ரோஜா வாசனையோடு மூச்சு வாங்கியது.

ஐந்தாம் படி: தாராவி

இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். தொண்ணூறடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சந்தில், கூரைக்குப் பழைய பேனர் கட்டிய பட்டறை. அண்ணாச்சிக்கு அம்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம், தாராவிக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் பேச்சு இன்னும் தாமிரபரணிக் கரையிலேயேதான் நிற்கிறது. பானெட்டைத் திறக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

"சார், நிக்கும்போது வண்டி நல்லாத்தானே கிடக்கு?"

"ஆமாம் அண்ணாச்சி."

"மெல்லப் போனா ஒண்ணும் தெரியலைல்லா?"

"இல்லை."

"அழுத்துனாத்தான் படுத்துது. உதறுதா, இல்ல சும்மா சொணங்குதா?"

உதறவில்லை. சுணங்குகிறது. மூன்று மாதத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. உதறினால் நெருப்புப் பக்கம் போக வேண்டும்: பிளக், காயில், வயர். உதறாமல், ஒரே சீராக, போர்வைக்குள்ளிருந்து ஓடுகிற மாதிரி மந்தமாக இருந்தால், சோறு இறங்கவில்லை, மூச்சு முட்டுகிறது, அல்லது பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிறார்கள்.

பிடித்து இழுப்பது யார் என்பதை முதலில் ஒதுக்கினார். காசு செலவில்லாத பரீட்சைகள்; நீங்களும் செய்யலாம், அதுவும் என் நாலாம் படிக்கு முன்னாலேயே.

டிரைவர் காலடியில் இருக்கும் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். புதிதாக வாங்கிய தடித்த மேட் மடிந்து ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்பது உண்டு. வெட்கப்பட வேண்டாம், இதற்கு ஃப்யூயல் பம்ப் மாற்றியவர்களே இருக்கிறார்கள். பிறகு, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அடுப்புபோல் சுட்டால், பிரேக் விடாமல் கவ்விக்கொண்டிருக்கிறது. மும்பை மழைக்கு அது துருப்பிடித்து ஜாம் ஆவது சகஜம். கிளட்சுக்கு: சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் போட்டு, முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, டாப் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். இஞ்சின் அணைந்துபோனால் கிளட்ச் நலம். ஒன்றுமே நடக்காததுபோல ஓடிக்கொண்டிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது; ரோட்டிலும் அது சத்தத்தை ஏற்றிவிட்டு வேகத்தை ஏற்றாது. இதை ஒரு தடவை மட்டும் செய்யுங்கள், மகனுக்குக் காட்ட, மருமகனுக்குக் காட்ட என்று திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளட்சும் போய்விடும்.

வால்குழாய்க்குப் பின்னால் கையை நீட்டி, புகை தள்ளும் வேகத்தையும் பார்த்தார். உள்ளே மாசைக் குறைக்கிற கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் மூச்சை வெளியே விட முடியாமல் வண்டி திணறும். அது சரியாகத்தான் இருந்தது.

"அப்பம் உள்ள இழுக்கதுலதான் கோளாறு, பாத்துக்கிடுங்க" என்றார்.

இங்கே ஒரு கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் சுத்தமாக எரிய ஏறத்தாழ பதினைந்து கிலோ காற்று வேண்டும். லிட்டருக்கு மாற்றினால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் ஒன்பதாயிரம் லிட்டர் காற்று. ஏப்ரலில் நம் கட்டடத்துக்குத் தண்ணீர் கொண்டுவருகிற டேங்கர் லாரி இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த லாரி நிறையக் காற்று, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு. நெரிசலில் ஐடிலில் நிற்கும்போது இஞ்சின் அதைச் சிறுகச் சிறுகக் குடிக்கிறது. எவ்வளவு சின்ன ஓட்டையும் போதும். மேம்பாலத்தில் காலை அழுத்தும்போதுதான் லாரி லாரியாகக் கேட்கிறது. குழாயில் அடைப்பு இருந்தால் அப்போதுதான் தெரியும். நின்றால் நலம், மெல்லப் போனால் நலம், அழுத்தினால் சுணக்கம் என்ற மூன்று பதிலிலேயே அண்ணாச்சி பாதி வழி போய்விட்டார். பெட்ரோல் பம்ப் வீக்காக இருந்தாலும் இதே குணம்தான் காட்டும் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் என் பம்ப் புத்தம் புதியது. அதற்கு ரசீது இருக்கிறது.

ஏர் ஃபில்டர் பெட்டியின் நாலு கிளிப்பையும் தட்டித் திறந்தார். உள்ளே ஃபில்டரைக் காணோம். ஒரு வீடு இருந்தது.

வாழைநார், காய்ந்த மல்லிச் சரம், எண்ணெய் ஊறிய பேப்பர், பானெட்டின் அடியில் ஒட்டியிருந்த பஞ்சு, பாதி கொறித்த கொட்டைப்பாக்கு. பூக்கடைத் தெருவில் கிடைக்கிற கட்டுமானப் பொருள் அத்தனையும் வைத்து, மெத்தென்று, உருண்டையாக, வாஸ்து பார்த்துக் கட்டியிருந்தது ஒரு எலி. அதற்கு அடியில்தான் ஃபில்டர், கறுப்பு அப்பளம்போல. இஞ்சின் சூடு குளிருக்கு இதம், மழைக்கு ஓட்டுக்கூரை. காற்று இழுக்கிற வாய் எலி நுழைகிற அளவில் இருக்கிறது. கார் கம்பெனிகள் ஏனோ அங்கே கதவு வைப்பதில்லை.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "மாட்டுங்கால பகடிப் பணம் கொடுக்காம இடம் பிடிச்சிருக்கு சார். கெட்டிக்காரப் பய."

புது ஃபில்டர், காற்று வாய்க்கு ஒரு துண்டுக் கம்பி வலை, கூலி, எல்லாம் சேர்த்து ஐந்நூற்றைம்பது ரூபாய். வலை நெருக்கமாக இருந்தால் அதுவே அடைப்பாகிவிடும் என்று கொசுவலையை வேண்டாமென்று சொல்லி, கண் பெரிய வலையாகத் தேடி எடுத்தார்.

மழைக்கால அனுபந்தம்

இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீர் நிற்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. 2005 ஜூலை 26 அன்று சாண்டாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது இந்தச் சுற்றுவட்டாரத்தில் மிதந்த கார்களை நினைவிருப்பவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள் ஓட்டி ஃபில்டர் நனைந்தால் வெறும் பிக்கப் போகும். காய வைக்காமல் மாற்றிவிடுங்கள். தண்ணீருக்குள் வண்டி நின்றேபோனால் சாவியைத் திருப்பாதீர்கள். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் உள்ளே கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்புறம் பேச்சு ஆயிரங்களில் இருக்காது. தள்ளிக்கொண்டு போங்கள்.

சோதனை ஓட்டம்

காலை ஐந்தரை மணிக்கு வையுங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மேல் கஃபே மெட்ராஸ் வாசல் வரிசை ரோட்டுக்கு வந்துவிடும். சாயங்காலம் சண்முகானந்தாவில் கச்சேரி இருந்தால் பட்டுப்புடவைகள் ரோட்டைக் கடக்கும். உயரமான கண்டெய்னர் ஏதாவது ரயில் பாலத்தடியில் மாட்டிக்கொண்ட நாளென்றால் வண்டியை எடுக்கவே வேண்டாம். நான் பால்காரருக்கு முன்னால் கிளம்பினேன். மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறியது. முன்னால் போன டெம்போவை முந்தினேன். மூட்டைமேல் ஆள் யாரும் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

மாமாவிடம் பழைய ஃபில்டரைக் கொண்டுபோய்க் காட்டினேன். மல்லிச் சரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். "நான் என்ன சொன்னேன்? கச்ரான்னேனா இல்லியா?" என்றார். மறுக்க முடியவில்லை.

எலி கிடைக்கவில்லை. போன வாரத்திலிருந்து எதிர்க் கட்டடத்து வெள்ளைக் கார் மேம்பாலத்தில் இழுக்கவில்லையாம். கண்ணாடிக் கதவு ஒர்க்ஷாப்பில் ஃப்யூயல் பம்ப் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.